கள்ளத்தோணியும் சட்டத்தரணியும்

(பொத்துவிலில் கடற்றொழிலாளர்களும் தோட்டத் தொழிலாளர்களும் சேர்ந்து நடத்திய இலவச சட்ட உதவி விளக்கக் கூட்டத்தில், தோட்டப் பாடசாலை ஆசிரியரும் எமது சங்கத்தின் அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை. அங்கத்தவர்கள் கேட்டுக்கொண்டதற்கு இணங்க இங்கே வெளியிடப்படுகிறது.)



விடியற்காலை பதுளையில் புறப்பட்டு மொனராகலை, சியம்பலாண்டுவ, லாகுகலை வழியாக வந்தோம். வழியில் ஒரு தோழர் கேட்டார்: "நமக்கே சம்பளப் பிரச்சினை தீரவில்லை. அகதிகளுக்கு சட்ட உதவி என்று பேச அவ்வளவு தூரம் போக வேண்டுமா?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பேச்சு.

பதிலின் முதல் பகுதி இந்த ஊரிலேயே இருக்கிறது. 2021 பெப்ரவரி 3 ஆம் திகதி பொத்துவிலில் இருந்து பொலிகண்டிக்கு ஒரு நடைபவனி புறப்பட்டது. அந்தக் கோரிக்கைப் பட்டியலில் பறிபோன காணிகள் இருந்தன, காணாமல் ஆக்கப்பட்டவர்கள் இருந்தார்கள். முஸ்லிம்களின் ஜனாஸாக்களை எரிக்காதே என்பதும் இருந்தது. மலையகத் தொழிலாளிக்கு நாட்சம்பளம் 1000 ரூபா வேண்டும் என்பதும் இருந்தது. கடலோரத்தில் தொடங்கிய நடையில் எங்கள் கொழுந்துக் கூடையையும் நீங்கள் சேர்த்துச் சுமந்தீர்கள். அந்த நன்றியோடுதான் வந்திருக்கிறோம்.

இரண்டாவது பகுதி கொஞ்சம் கசப்பானது. அது ஒரு சொல்லைப் பற்றியது. கள்ளத்தோணி.

இந்தச் சொல் இன்று யாருக்குச் சொல்லப்படுகிறது? 2024 டிசம்பர் 19 ஆம் திகதி முள்ளிவாய்க்கால் கரைக்கு ஒரு படகு வந்தது. மியன்மாரில் இருந்து துரத்தப்பட்ட ரோஹிங்கியா மக்கள், நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், அதில் நிறையக் குழந்தைகள். முதலில் கண்டவர்கள் மீனவர்கள். முதலில் சாப்பாடும் தண்ணீரும் கொடுத்தவர்களும் அவர்கள்தான். அப்படியிருந்தும் கைத்தொலைபேசியில் வந்த செய்திகளில் எத்தனை பேர் "கள்ளத்தோணியில் வந்தவர்கள்" என்று எழுதினார்கள்! நம்முடைய பிள்ளைகளும் எழுதினார்கள். தோட்டத்துப் பிள்ளைகளும் எழுதினார்கள். அதைப் பார்த்தபோது எங்களுக்கு நெஞ்சில் முள் தைத்த மாதிரி இருந்தது. ஏனென்றால் அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் எங்கள் தாத்தாமார், பாட்டிமார். தோட்டத்துத் தமிழனுக்கு இந்த நாட்டில் கிடைத்த பட்டப்பெயர் அது. தேயிலையும் றப்பரும் நட்டவனைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னார்கள்.

இளம் தோழர்களுக்காக அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அடுத்த ஆண்டே 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இங்கே பிறந்த தகப்பனுக்கும் பாட்டனுக்கும் அத்தாட்சி காட்டு என்றது. லயத்தில் பிறந்தவனிடம் பத்திரம் ஏது? ஏழு இலட்சத்துக்கும் அதிகமானவர்கள் ஒரே சட்டத்தால் நாடற்றவர்கள் ஆனார்கள். 1949 இல் வாக்குரிமையும் போனது. அதே ஆண்டில் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்து, விண்ணப்பிக்க இரண்டு வருடம் கொடுத்தார்கள். நம் தலைவர்கள் முதலில் புறக்கணிக்கச் சொன்னார்கள். பிறகு மனம் மாறினார்கள். கடைசி மாதங்களில் விண்ணப்பங்கள் மலைபோலக் குவிந்தன. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பிக்கப்பட்டது. கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. தொடர்ந்து இத்தனை வருடம் இங்கே இருந்தாயா, ஊருக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேல் தங்கினாயா, மனைவி உன்னோடு இருந்தாளா என்று துருவித் துருவிக் கேட்டு, மிச்சப் பேரைத் தள்ளிவிட்டார்கள்.

அப்போதும் சட்டத்தால் எதிர்த்து நின்றவர்கள் உண்டு. கோடக்கன்பிள்ளை என்பவரின் பெயரை வாக்காளர் இடாப்பில் சேர்ப்பது பற்றிய வழக்கு இங்குள்ள உயர் நீதிமன்றத்தைத் தாண்டி லண்டன் பிரிவுக் கவுன்சில் வரை போனது. 1953 இல் தோற்றது. ஆனாலும் "இந்தச் சட்டம் எங்களைக் குறிவைத்துச் செய்யப்பட்டது" என்ற வாதம் அங்கே பதிவானது.

பிறகு 1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று ஆட்களைப் பங்கு போட்டார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974 இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். யாரும் எங்களைக் கேட்கவில்லை.

கடைசியில் 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. இந்தியக் கடவுச்சீட்டு கையில் இருந்தும் போகாமல் நின்றவர்களுக்கும், எந்த நாட்டுப் பத்திரமும் இல்லாதவர்களுக்கும் ஒரு பிரகடனப் படிவத்தில் பிரஜாவுரிமை. ஐ.நா. அகதிகளுக்கான உயர்ஸ்தானிகராலயமும் தொழிற்சங்கங்களும் தொண்டர்களும் சேர்ந்து நடத்திய நடமாடும் சேவையில், பத்தே நாளில் ஏறக்குறைய 1,90,000 பேர் பத்திரம் பெற்றார்கள். அப்போது நாங்கள் பாடசாலைப் பிள்ளைகள். எழுதத் தெரிந்த பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் படிவம் நிரப்பச் சொன்னார்கள். எத்தனையோ பாட்டிமாரின் பெருவிரலைப் பிடித்து மையில் தொட்டு வைத்தவர்கள் நாங்கள். 55 வருடம் தீராத வழக்கு பத்து நாளில் தீர்ந்தது எப்படி? சட்டம் மாறியது, உண்மைதான். ஆனால் அந்தச் சட்டத்தைத் தொழிலாளியின் வாசலுக்குக் கொண்டுவந்து, காசு வாங்காமல், அவன் மொழியில் விளங்கப்படுத்தி, படிவத்தை நிரப்பிக் கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். இலவச சட்ட உதவி என்றால் அதுதான். 1951 இல் அது இல்லை. 2003 இல் இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

தோழர்களே, இனி கடலுக்கு வருவோம். இந்தக் கரைக்குத் தெரிந்த விஷயம் ஒன்று.

2014 ஜூன், ஜூலை மாதங்களில் இரண்டு படகுகள் அவுஸ்திரேலியாவை நோக்கிப் போயின. ஒன்றில் 41 பேர், இலங்கையர். அதில் 37 பேர் சிங்களவர்கள், 4 பேர் தமிழர்கள். வறுமைக்கும் பயத்துக்கும் இனம் கிடையாது. அவர்களைக் கடலிலேயே மறித்து, கப்பலில் வைத்தே நாலு கேள்வி கேட்டு, "உங்களுக்குப் பாதுகாப்புத் தேவையில்லை" என்று முடிவெடுத்தார்கள். ஜூலை 6 ஆம் திகதி மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் வைத்து இலங்கைக் கடற்படையிடம் ஒப்படைத்தார்கள். அவர்கள் காலி நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். அதுவரை ஒரு சட்டத்தரணியும் அவர்கள் பக்கத்தில் இல்லை.

மற்றப் படகு பாண்டிச்சேரியில் இருந்து புறப்பட்டது. 150 பேருக்கு மேல், எல்லோரும் தமிழர். அவர்களையும் நடுக்கடலில் பிடித்தார்கள். ஆனால் அங்குள்ள சட்டத்தரணிகள் சிலருக்குச் செய்தி எட்டியது. படகில் இருப்பவர்களின் பெயர்கூட அவர்களுக்குச் சரியாகத் தெரியாது. முகம் தெரியாது. ஒரு சதம் வரப்போவதில்லை. ஆனாலும் ஜூலை 7 ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் அதியுயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். இவர்களை இலங்கையிடம் ஒப்படைப்பதாக இருந்தால் 72 மணித்தியாலம் முன்னதாக அறிவிப்போம் என்று அரசாங்கம் நீதிமன்றத்துக்கு வாக்குக் கொடுக்க வேண்டி வந்தது. அந்த மக்கள் ஏறக்குறைய ஒரு மாதம் கப்பலில் அடைபட்டுக் கிடந்தார்கள். பிறகு நவுறு தீவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பட்ட பாடு வேறு. வழக்கும் 2015 ஜனவரியில் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் தோற்றது. ஆனால் அவர்கள் நடுக்கடலில் கைமாற்றப்படவில்லை.

ஒரே கடல், ஒரே மாதம். ஒரு படகுக்கு சட்டத்தரணி இல்லை, மற்றப் படகுக்கு இருந்தார். இதைவிடப் பெரிய விளக்கம் எங்களுக்குத் தெரியாது.

இன்னொன்றும் சொல்லுகிறோம். அவுஸ்திரேலியாவில் பிலோவீலா என்று ஒரு சின்ன ஊர். இறைச்சித் தொழிற்சாலை உள்ள ஊர். படகில் தனித்தனியாகப் போய், அங்கே கண்டு கல்யாணம் முடித்த ஒரு தமிழ்க் குடும்பம் அங்கே இருந்தது. தகப்பனுக்கு அந்தத் தொழிற்சாலையில் வேலை. இரண்டு பெண் குழந்தைகள். 2018 மார்ச்சில் ஒரு விடியற்காலை அதிகாரிகள் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். 2019 ஓகஸ்டில் விமானத்தில் ஏற்றியும் விட்டார்கள். விமானம் பறந்துகொண்டிருக்கும்போது ஒரு நீதிபதி தொலைபேசியிலேயே தடை உத்தரவு கொடுத்தார். விமானம் டார்வினில் இறங்கியது. அதற்குப் பிறகும் கிறிஸ்மஸ் தீவில் நீண்ட காலம் அடைத்து வைத்திருந்தார்கள். ஊர்ச் சனம் விடவில்லை. கையெழுத்துத் திரட்டினார்கள், கூட்டம் போட்டார்கள், நீதிமன்றம் நீதிமன்றமாகப் போனார்கள். 2022 ஜூனில் அந்தக் குடும்பம் அதே ஊருக்குத் திரும்பியது. அந்த ஊர்க்காரர்கள் தமிழர்கள் இல்லை. "எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்" என்ற ஒரே உறவுதான்.

இந்த இடத்தில் எங்கள் பிழை ஒன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்துப் பையன் ஒருவன், எங்களிடம் படித்தவன், கடல்வழியாகப் போகப் பார்த்துப் பிடிபட்டான். பிடித்த இடத்தில் அடித்திருக்கிறார்கள். தாய் ஓடிவந்தார். நாங்கள் என்ன செய்தோம்? அரசியல்வாதி ஒருவர் வீட்டு வாசலில் நின்றோம். அவர் "பார்ப்போம்" என்றார். அடுத்த கிழமையும் போனோம். மூன்றாவது கிழமையும் போனோம். இதற்கிடையில் விளங்காத மொழியில் எழுதிய தாளில் பையன் கையொப்பம் வைத்து, குற்றத்தை ஒப்புக்கொண்டு, கடன் வாங்கிய காசில் தண்டமும் கட்டி முடிந்துவிட்டது. பிறகுதான் ஒரு சட்டத்தரணியைக் கண்டோம். அவர் கேட்ட முதல் கேள்வி: "அடித்து எத்தனை நாள்?" நாங்கள் விரல்விட்டு எண்ணினோம். நாற்பத்தி மூன்று நாள். அடிப்படை உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்திருந்தால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. இரண்டும் எங்களுக்குத் தெரியாது. பிள்ளைகளுக்குக் குடியியல் பாடம் படிப்பிக்கிற எங்களுக்கே தெரியாது! அந்தத் தாயின் முகத்தைப் பார்க்க எங்களால் முடியவில்லை. இந்தக் கூட்டத்துக்கு நாங்கள் வந்ததற்கு உண்மையான காரணம் அவர்தான்.

சரி, என்ன உதவி இருக்கிறது என்று பார்ப்போம்.

முதலாவது, சட்ட உதவி ஆணைக்குழு. 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக ஆலோசனை தருவதும், நீதிமன்றத்தில் ஆஜராக சட்டத்தரணியைத் தருவதும் அதன் வேலை. நாட்டின் பல நீதிமன்றங்களை ஒட்டி அதன் நிலையங்கள் இருக்கின்றன. இது பிச்சை இல்லை. உங்கள் வரிப்பணத்தில் நடக்கிற காரியம். வாசலில் நின்று தலையைச் சொறிய வேண்டியதில்லை.

இரண்டாவது, இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு. 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம். அவசரத் தொலைபேசி இலக்கமும் 1996 தான், மறக்க முடியாது. உங்களுக்குக் கல்முனையிலும் எங்களுக்குப் பதுளையிலும் பிராந்திய அலுவலகம் உண்டு. முறைப்பாட்டைத் தமிழில் எழுதலாம். ஒரு சதமும் இல்லை.

மூன்றாவது, வெளிநாட்டில் இருந்து தஞ்சம் கேட்டு இங்கே வந்தவர்களுக்கு, ஐ.நா. அகதிகளுக்கான உயர்ஸ்தானிகராலயம். 1951 ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தில் இலங்கை கையொப்பம் இடவில்லை. இந்தியாவும் இடவில்லை. அதனால் இங்கே யார் அகதி என்று விசாரித்துத் தீர்மானித்து வந்தது அந்த அலுவலகம்தான். அகதி என்று ஏற்றுக்கொண்டாலும் இங்கே வேலை செய்ய உரிமை இல்லை. வேறு நாடு ஏற்கும் வரைக்கும் காத்திருக்க வேண்டும், வருடக் கணக்கில்.

"கையொப்பம் வைக்காத நாட்டில் அகதிக்கு என்ன உரிமை?" என்று ஒருவர் கேட்கலாம். நமது அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரையையும் 14 ஆம் உறுப்புரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். பேச்சுச் சுதந்திரம், சங்கம் அமைக்கிற சுதந்திரம் எல்லாம் 14 இல் பிரஜைக்குத்தான். ஆனால் சட்டத்தின் முன் சமம் என்ற 12(1) "ஆட்கள் எல்லோரும்" என்று சொல்லுகிறது. காரணம் சொல்லாமல் கைது செய்யக் கூடாது என்ற 13 ஆம் உறுப்புரையும், சித்திரவதை கூடாது என்ற 11 ஆம் உறுப்புரையும் அப்படித்தான். ஆள் என்றால் ஆள்தான். படகில் வந்தாலும் ஆள், விமானத்தில் அறுகம்பேக்கு அலை விளையாட வந்தாலும் ஆள். அதோடு சித்திரவதைக்கு எதிரான சமவாயத்தில் இலங்கை 1994 இல் சேர்ந்தது. சித்திரவதை நடக்கும் என்று நம்பக் காரணமுள்ள இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அதன் மூன்றாவது உறுப்புரை.

எழுத்தில் இருப்பது வேறு, நடப்பது வேறு என்பதும் தெரியும். 2017 செப்டம்பரில் கல்கிசையில் ஒரு வீட்டில் தங்கவைக்கப்பட்டிருந்த 31 ரோஹிங்கியா மக்களைச் சூழ்ந்து ஒரு கும்பல் கூச்சலிட்டது. அதில் பாதிப் பேர் குழந்தைகள். 2019 இல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு, நீர்கொழும்பில் வாடகைக்கு இருந்த பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் அகதிகள் வீடுகளை விட்டுத் துரத்தப்பட்டார்கள். சொந்த நாட்டில் தீவிரவாதிகளுக்குப் பயந்து ஓடிவந்தவர்களைத் தீவிரவாதிகள் என்றார்கள். முள்ளிவாய்க்காலுக்கு வந்த மக்களை முல்லைத்தீவில் கேப்பாப்பிலவு விமானப்படை முகாமில் வைத்தார்கள். படகை ஓட்டியவர்கள் என்று 12 பேரைப் பிரித்து விளக்கமறியலில் போட்டார்கள். மனித உரிமைகள் ஆணைக்குழு அதிகாரிகளையே முதலில் உள்ளே விடவில்லை. ஆணைக்குழு பகிரங்கமாகக் கண்டித்தது. பிறகுதான் கதவு திறந்தது. சட்டம் தானாக நடக்காது. யாராவது தள்ள வேண்டும்.

எங்கள் சொந்தச் சனமும் இன்னும் காத்திருக்கிறது. மண்டபம் முகாம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர்களைத் தடுத்து வைத்து, நோய் பரிசோதித்து, மருந்து தெளித்து அனுப்பிய இடம் அது. 1983 க்குப் பிறகு இங்கிருந்து ஓடிய அகதிகள் போய் இறங்கியதும் அதே முகாம். பேரன் அகதியாகப் போய்ப் படுத்தது, பாட்டன் கூலியாகப் படுத்துவந்த மண்ணில். தமிழ்நாட்டு முகாம்களில் இருப்பவர்களில் மலையகத்தைச் சேர்ந்தவர்கள் பல்லாயிரம். 2019 ஜூனில் அப்படிப்பட்ட 65 பேர் மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போனார்கள். அவர்களின் இந்தியப் பிரஜாவுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்க வேண்டும் என்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். அதே வருட டிசம்பரில் இந்தியா கொண்டுவந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கைத் தமிழரைச் சேர்க்கவில்லை. இங்கே திரும்பி வர விரும்புபவர்களுக்கு, 2009 இல் நமது பிரஜாவுரிமைச் சட்டங்களில் செய்த திருத்தம் வழி தருகிறது. வருகிற குடும்பங்களுக்குப் பிறப்புப் பதிவு, அடையாள அட்டை, பாடசாலை அனுமதி என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் வேண்டும்.

பத்திரத்தின் அருமை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2004 சுனாமி உயிரை மட்டுமா கொண்டுபோனது? உறுதி, பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனது. 1990 இல் இடம்பெயர்ந்த கனகர் கிராமத்து மக்கள் தங்கள் காணிக்காக 2018 இல் தெருவில் இருந்து போராட வேண்டி வந்ததையும் நீங்கள் கண்டீர்கள். 2016 இல் காலாவதி விசேட ஏற்பாடுகள் சட்டம் என்று ஒன்று வந்தது. யுத்தத்தால் காணி வழக்குப் போட முடியாமல் போனவர்களுக்கு, போன காலத்தைக் கணக்கில் எடுக்காமல் இரண்டு வருடம் அவகாசம் கொடுத்த சட்டம். இந்த மண்டபத்தில் எத்தனை பேர் அப்போது அதைக் கேள்விப்பட்டீர்கள்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம். (மண்டபத்தில் மூன்று கைகள் உயர்ந்தன.) பார்த்தீர்களா? சட்டம் வந்தது, வந்த செய்தி வரவில்லை.

தொழிற்சங்கக்காரருக்கு இதில் தனிக் கடமை உண்டு. தொழில் நியாயசபையில் தொழிலாளிக்காக சங்கப் பிரதிநிதியே எழுந்து பேசலாம். அந்தப் பழக்கத்தில் எல்லா இடத்திலும் நாமே பேசிவிடலாம் என்று நினைக்கிறோம். நீதவான் நீதிமன்றத்தில் அது நடக்காது. அங்கே நமது வேலை, ஆளையும் சட்டத்தரணியையும் நேரத்தோடு சேர்த்து வைப்பது. இடையில் தரகர் நுழைந்து, சும்மா கிடைக்கிற படிவத்துக்குக் காசு வாங்காமல் பார்த்துக்கொள்வது.

ஆகவே நான்கு காரியங்களை முன்வைக்கிறோம். ஒன்று, ஒவ்வொரு தோட்டக் கிளையிலும், ஒவ்வொரு கடற்றொழிலாளர் சங்கத்திலும் ஒருவர் சட்ட உதவிப் பொறுப்பாளராக இருக்க வேண்டும். சட்ட உதவி நிலையத்தின் முகவரியும் ஆணைக்குழுவின் இலக்கமும் அவர் சட்டைப்பையில் இருக்க வேண்டும். இரண்டு, யாராவது கைதானால் அன்றே திகதி, நேரம், இடம், கொண்டுபோனவர்கள் யார் என்று ஒரு கொப்பியில் எழுத வேண்டும். காயம் இருந்தால் வைத்தியரிடம் காட்டிப் பதிய வேண்டும். ஒரு மாதக் கணக்கு அந்த நாளில் இருந்து ஓடுகிறது. மூன்று, விளங்காத மொழியில் உள்ள தாளில் கையொப்பம் வைக்க வேண்டாம். தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். நான்கு, கரையில் ஒரு படகு ஒதுங்கினால் முள்ளிவாய்க்கால் மீனவர்கள் செய்ததைச் செய்யுங்கள். முதலில் தண்ணீர். அடுத்தது 1996 க்கு ஒரு அழைப்பு.

பஸ்ஸில் கேள்வி கேட்ட தோழர் முன்வரிசையில் இருக்கிறார். தோழரே, சம்பளப் போராட்டத்தை நாங்கள் விடவில்லை. ஆனால் பத்திரம் இல்லாதவனை எந்தச் சம்பளத்துக்கும் வேலை வாங்கலாம் என்பதை எங்கள் பாட்டன்மார் ஐம்பத்தைந்து வருடம் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். நாடற்றவனின் கூலி குறைந்தால் பக்கத்தில் நிற்பவனின் கூலியும் குறையும். இதுவும் தொழிற்சங்க வேலைதான்.

பிள்ளைகளுக்கு நாங்கள் வகுப்பில் ஒரு விதி வைத்திருக்கிறோம். கள்ளத்தோணி என்ற சொல்லை யாரும் யாருக்கும் சொல்லக் கூடாது. ஏன் என்று கேட்ட பிள்ளைக்கு, உன் பாட்டியிடம் போய்க் கேள் என்று அனுப்பினோம். அடுத்த நாள் அந்தப் பிள்ளை பாட்டியின் 2003 ஆம் ஆண்டுப் பத்திரத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வகுப்புக்குக் கொண்டுவந்தது. எல்லோரும் ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தார்கள். பாடம் அங்கேயே முடிந்தது.

 வெளியே மேசையில் விண்ணப்பப் படிவங்கள் இருக்கின்றன. எழுத உதவி வேண்டியவர்கள் எங்களிடம் வாருங்கள். மாலை கடைசி பஸ் வரைக்கும் இருப்போம்.